பதினான்காவது துண்டு

ஒரு நல்ல பெயரின் விலை, அன்று மதியம் இரண்டு மணி நிலவரப்படி, ஒரே ஒரு கையெழுத்து.

மேஜைமேல் கிடந்த கடிதத்தில் எல்லாம் தயாராக இருந்தது. 'விடைப் பட்டியலைத் தற்செயலாகப் பார்க்க நேர்ந்தது, வருந்துகிறேன்' என்று நாலு வரி. கீழே ஒரு கோடு. மாலை ஆறு மணிக்குள் அந்தக் கோட்டின்மேல் ஒரு பெண்மணி கையெழுத்துப் போட்டால் விஷயம் நாலு சுவருக்குள் முடியும். போடாவிட்டால் சங்கப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, காரணத்தையும் எழுதி வாசலில் ஒட்டுவார்கள்.

"மலிவுதான்," என்றான் சில்லறை, கடிதத்தைத் தூக்கிப் பார்த்தபடி. "ஆனா மலிவா வர்ற சரக்கை ரெண்டு தடவை முகர்ந்து பாக்கணும்க்கா."

"தலைகீழா பிடிச்சிருக்க," என்றாள் தராசு.

"தெரியும். நேரா படிச்சா கோபம் வருது."

தராசு என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டு மனுக்களைச் சரிபார்த்தவள். எரிந்த கடை எது, எரித்த கடை எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். சில்லறை அவளுடைய உதவியாளன். வயது நாற்பது. அதற்குமுன் ஏலக்கடையில் கூவிக்கொண்டிருந்தவன். வாயை மூடினால் நஷ்டம் என்ற தொழிலில் பழகியதால், வாயை மூடும் பழக்கமே அவனுக்கு வரவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் 'மூன்று நொடி' சங்கத்தின் செயலாளர். தொழிலால் பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவர், தன் வாயைத் திறக்கத் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னார்.

பழைய படப் பைத்தியங்கள் முப்பத்தொரு பேர் சேர்ந்த சங்கம் அது. வருடத்துக்கு ஒரு பெரிய போட்டி. திரையில் ஏதோ ஒரு பழைய படத்திலிருந்து மூன்று நொடி ஓடும். சத்தம் கிடையாது, நடிகர் முகம் தெரியாது. ஒரு கதவு, ஒரு கை, ஆடும் நாற்காலி, அவ்வளவுதான். படத்தின் பெயரை எழுத வேண்டும். மொத்தம் இருபது துண்டு. ஜெயித்தவர் பெயர் ஒரு வருடம் முழுக்கக் கரும்பலகையில் முதலாவதாக இருக்கும்.

"பரிசு?"

"பரிசெல்லாம் கிடையாது மேடம். பலகைதான்."

"அதான் இவ்வளவு அடிதடி," என்றான் சில்லறை. "பரிசுன்னு ஒண்ணு இருந்தா, இதுக்குப் போயான்னு யாராவது வெட்கப்பட்டிருப்பாங்க."

போட்டி முடிந்த மறுநாள், செயலாளரின் மேஜை இழுப்பறையில் வைத்திருந்த விடைப் பட்டியல் உறையை யாரோ முன்கூட்டியே பிரித்து மறுபடி ஒட்டியிருப்பது தெரியவந்தது. முதலிடம், ஒன்பது வருடமாக அசையாத ஆள்: வாரப் பத்திரிகையில் சினிமா கேள்வி-பதில் எழுதுபவர், பட்டப்பெயர் அகராதி. இருபதுக்கு இருபது. இரண்டாவது, சேர்ந்து இரண்டே மாதமான ஓர் அம்மாள். பத்தொன்பது. மூன்றாவது ஆளுக்குப் பதினொன்று.

"அந்தம்மா ஒரு தியேட்டர்ல மெஷின் ஆப்பரேட்டரா இருந்தவங்க," என்றார் செயலாளர். "சீட்ல உக்காந்து ஒரு படம்கூட முழுசா பாத்ததில்லைன்னு அவங்களே சொல்லிருக்காங்க. அப்ப பத்தொன்பது எங்கிருந்து வந்துச்சு? அதான் உங்களைக் கூப்பிட்டோம். நீங்க நேர்ல போய்ச் சொன்னீங்கன்னா கையெழுத்துப் போட்டுருவாங்க."

"பட்டியலைப் பாத்தவங்க இருபதும் எழுதியிருக்கலாமே?"

"அதுக்கும் அகராதி சார் பதில் சொல்லிட்டார். கெட்டிக்காரத் திருடன் பெட்டியில ஒரு காசை விட்டுட்டுத்தான் போவானாம்."

தராசு நிமிர்ந்தாள். "எந்தக் காசு?"

"பதினாலாவது துண்டு. ஒரு நனைஞ்ச குடை சுவத்துல சாஞ்சிருக்கும். தண்ணி ஓடும். சரியான விடை 'நாலாவது சாவி'."

"முப்பத்தொரு விடைத்தாளும் எனக்கு வேணும். பதினாலாம் நம்பரை மட்டும் பாத்துட்டுத் தரேன்."

செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பல்லுக்குக் கூப்பிட்டால் முழுத் தாடையையும் சோதிக்கிறாளே என்ற முகம். ஆனாலும் கொடுத்தார்.

*

ஆப்பரேட்டரம்மா இப்போதும் ஆப்பரேட்டர்தான். ஒன்பது மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டினாள். பழைய லிஃப்ட்: மடக்கு இரும்புக் கதவு, பித்தளைப் பிடி, ஓர் உயரமான ஸ்டூல். பிடியைத் தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும். சரியான இடத்தில் நிறுத்துவது கையின் கெட்டிக்காரத்தனம்.

"எத்தனாவது மாடி?"

"நீங்க போற மாடிக்கெல்லாம்," என்றான் சில்லறை.

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "பல்லு டாக்டர் அனுப்பினாரா? அப்ப ஏறுங்க. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். கையெழுத்தில்ல, கைரேகைகூடக் கிடைக்காது." கதவை இழுத்துச் சாத்தினாள். லிஃப்ட் ஏறியது.

"போடலைன்னா பேர் போயிடுமாமே," என்றாள் தராசு.

"போட்டா மட்டும் இருக்குமா? இருபத்தாறு வருஷம் மெஷின் ரூம்ல நின்னேன். படம் நடுவுல அறுந்தா ஆயிரம் பேர் என் அம்மாவைத் திட்டுவான். படம் நல்லா ஓடினா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். பேர்னு ஒண்ணு எனக்கு அப்பவே கிடையாது. இப்பதான் ரெண்டு மாசமா பலகையில ஏறியிருக்கு. அதை நானே அழிக்கணுமாம்."

மூன்றாவது மாடியில் ஒரு குமாஸ்தா கோப்புகளோடு ஏறினார். "ஆறு," என்றார். லிஃப்ட் ஏறும்வரை எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஆறில் அவர் இறங்கியதும் பேச்சு விட்ட இடத்தில் தொடர்ந்தது.

"படமே பாக்காம பத்தொன்பது எப்படிம்மா?"

"சீட்ல உக்காந்து பாத்ததில்லைன்னுதான் சொன்னேன். மெஷின் ரூம் ஓட்டைவழியா பாத்ததில்லைன்னா சொன்னேன்?" ஆப்பரேட்டரம்மா சிரித்தாள். "ஒரு படம் ஒரே சுருளா வராது. பதினாலு, பதினஞ்சு ரீல். ஒண்ணு முடியறதுக்கு முன்னாடி அடுத்த மெஷினைக் கிளப்பணும். எப்பக் கிளப்பறதுன்னு திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி வரும். கண்ணு சிமிட்டினா போச்சு. அதனால ஒவ்வொரு ரீலோட கடைசி ஒரு நிமிஷத்தையும் நாங்க முழிச்ச கண்ணு முழிச்சபடி பாப்போம். ஒரு நாளைக்கு நாலு ஆட்டம், நூறு நாள். மெஷின் சத்தத்துல வசனம் கேக்காது. கதாநாயகன் எதுக்கு அழுதான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அழறப்ப பின்னாடி எந்த ஜன்னல் திறந்திருந்துச்சுன்னு தெரியும்."

"போட்டியில வந்த துண்டெல்லாம் ரீல் கடைசியா?"

"இருபதும்! யார் வெட்டினாங்களோ, எனக்குன்னே வெட்டின மாதிரி."

தராசு சில்லறையைப் பார்த்தாள். சில்லறை தன் சட்டைப் பையிலிருந்த நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

"பதினாலாவதுக்கு என்ன எழுதினீங்க?"

"'உப்பு விளக்கு'. ரெண்டே வாரம் ஓடின படம். பாத்தவங்களைவிட நடிச்சவங்க அதிகம். எத்தனை டாக்டர் வந்து சொன்னாலும் அது 'உப்பு விளக்கு'தான்."

"பட்டியல்ல 'நாலாவது சாவி'ன்னு இருக்கே?"

பிடியிலிருந்த ஆப்பரேட்டரம்மாவின் கை ஒரு கணம் தாமதித்தது. லிஃப்ட் ஒன்பதாவது மாடித் தரைக்கு அரை அடி மேலே போய் நின்றது. வெளியே காத்திருந்த ஒருவர், "என்னம்மா, நீயா இப்படி?" என்றார்.

அவள் மெதுவாக இறக்கிச் சரிசெய்தாள். "ஆறு மணிக்கு வரேன்னு சொல்லுங்க," என்றாள். "பேனா எடுத்துக்கிட்டு வரேன்."

கீழே தெருவில் இறங்கியதும் சில்லறை கேட்டான். "பேனாவா? பயந்துட்டாங்களாக்கா?"

"பயந்தவங்க கை பிடியை விட்டிருக்கும். அவங்க இறுக்கிப் பிடிச்சாங்க."

*

துண்டுகளை வெட்டியவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். அவர் கடையில் நாலு கம்ப்யூட்டர், மூன்று மின்விசிறி, ஓடுவது ஒன்று. பழைய படங்களைப் பற்றி அவர் கருத்துத் தெளிவாக இருந்தது: "கறுப்பு வெள்ளையில எல்லா மாப்பிள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கான்."

"ஏன் எல்லாத் துண்டும் ரீலோட கடைசியிலேர்ந்து வந்துச்சு?" என்றாள் தராசு.

"அப்படியா? அந்தத் தியேட்டரை மூடினப்ப அங்க இருந்த டப்பாவெல்லாம் சங்கத்துக்கு வந்துடுச்சு. ஒண்ணையும் திருப்பிச் சுத்தி வைக்கலை. அதனால வால் பக்கம்தான் வெளியே இருந்துச்சு. நான் எதுக்கு உள்ள போகணும்? வெளியே இருந்த ஒரு நிமிஷத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். அதுல மூணு செகண்ட் நறுக்கினேன். டப்பாமேல இருந்த நம்பரை எழுதிக் கொடுத்தேன். நம்பரைப் பாத்து டாக்டர் பேர் எழுதிக்கிட்டார்."

"சோம்பேறித்தனத்துல இவ்வளவு நியாயம் இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றான் சில்லறை.

"அந்த ஒரு நிமிஷம் இன்னும் இருக்கா? பதினாலாவது?"

இருந்தது. வீடியோக்காரர் ஓட்டிக் காட்டினார். நனைந்த குடை; ஓடும் தண்ணீர்; அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது.

சில்லறை வாயைத் திறந்தான். ஒன்றும் வராமல் மூடினான். தராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பது. அவன் பேச்சு நின்றது பதினோரு வருடத்தில் இது முதல் தடவை. நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

*

சங்கத்தின் கூடம் ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் நாற்காலிகள் லேசாக நடுங்கின. ஐந்தரைக்கே முப்பது பேரும் வந்துவிட்டார்கள்; ஒருவர் பெயர் அழிவதைப் பார்க்க யாரும் தாமதமாக வருவதில்லை. ஆப்பரேட்டரம்மா வேலைச் சீருடையிலேயே வந்து, கடைசி வரிசையில் நின்றுகொண்டாள். நாற்காலி காட்டினார்கள். "நின்னே பழக்கம்," என்றாள்.

அகராதி முன் வரிசையில் இருந்தார். அறுபத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, மடியில் தன் பத்திரிகை. தராசு நேராக அவரிடம் போய்க் கைகூப்பினாள்.

"சார், உங்க உதவி இல்லாம இது முடியாது. இவங்க பதினாலாவதை வேணும்னே விட்டாங்கன்னு நிரூபிக்கணும். அது அவ்வளவு கஷ்டமான துண்டா?"

"கஷ்டமா?" அகராதி சிரித்தார். "இருபதுலயே சுலபமானது அதுதாம்மா."

சில்லறை செயலாளரின் காதில் சொன்னான்: "சந்தையில இது பழைய வழி டாக்டர். வாங்க வந்தவனையே சரக்கைப் புகழ வெச்சுடணும். அப்புறம் அவனால விலையை இறக்க முடியாது."

விளக்கை அணைத்தார்கள். மூன்று நொடி குடை நனைந்தது. படம் நின்றது.

"இதைப் பாத்துத்தான் 'நாலாவது சாவி'ன்னு எழுதினீங்களா சார்?"

"பாத்த மாத்திரத்துல."

"சந்தேகமே இல்லையா?"

"என் கையைக் கேளு, அதுவே எழுதும்."

"இதுக்கடுத்து என்ன வரும்?"

"டாக்டர் வருவார். கையில கறுப்புப் பை. கதாநாயகி கதவைத் திறப்பா. மின்னல் வெட்டும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்மா இது! இதைப் போய் ஒருத்தி 'உப்பு விளக்கு'ன்னு எழுதறான்னா, அது அறியாமையில்ல, நடிப்பு."

கூடம் தலையாட்டியது. தராசு வீடியோக்காரருக்குச் சைகை காட்டினாள். நின்ற படம் மறுபடி ஓடியது.

குடை. தண்ணீர். கதவு திறந்தது.

உள்ளே வந்தது ஒரு கழுதை.

முதுகில் இரண்டு உப்பு மூட்டைகள், மழையில் கரைந்து பாதியாகச் சுருங்கியிருந்தன. கழுதை நிதானமாகக் குடையை முகர்ந்தது. பிறகு அதன் துணியைத் தின்ன ஆரம்பித்தது.

"டாக்டர் ரொம்ப இளைச்சுட்டார்," என்றான் சில்லறை.

யாரோ சிரித்து, உடனே இருமினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆப்பரேட்டரம்மா திரைக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"கழுதை இடது காதை ஆட்டிடுச்சா?"

"ஆட்டலை," என்றார் யாரோ. "இதோ, ஆட்டிடுச்சு!"

அவள் கையை உயர்த்தினாள். உதடு மட்டும் எண்ணியது. "இப்ப."

வலது மேல் மூலையில் புள்ளி விழுந்தது.

கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தராசு விளக்கைப் போட்டாள்.

"பள்ளிக்கூடத்துல பரிட்சை பேப்பர் திருத்தினவங்க யாராவது இருந்தா இது புரியும்," என்றாள். "சரியான பதிலை யார் வேணா எழுதலாம். யார் யாரைப் பாத்து எழுதினாங்கன்னு தப்பான பதில்தான் காட்டிக் கொடுக்கும். முப்பத்தொரு தாள்ல பதினொண்ணு காலி. பதினெட்டுப் பேர் என்னென்னவோ எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தர்கூட 'நாலாவது சாவி'ன்னு எழுதலை. ஒருத்தங்க 'உப்பு விளக்கு', அதாவது உண்மை. இந்தக் குடைக்கு 'நாலாவது சாவி'ன்னு பேர் இருந்தது ரெண்டே இடத்துலதான். ஒண்ணு, ஒட்டியிருந்த உறைக்குள்ள. இன்னொண்ணு, உங்க தாள்ல சார்."

அகராதி எழுந்தார். "ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம் நான்..." சட்டென்று உட்கார்ந்தார். இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது; உள்ளே ஆள்தான் சுருங்கிப்போனார். "அப்ப எல்லாம் ஒரு நொடி போதும்," என்றார். "இப்ப மூணு நொடி பத்தலை. படம் தெரியுது, பேர் வர மாட்டேங்குது."

சிலர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. செயலாளர்கூட, "சரி, வயசு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கும்தான் அறுபது," என்றாள் ஆப்பரேட்டரம்மா. "மறந்துட்டேன்னு நீங்க தாளைக் காலியா விட்டிருந்தா நான் உங்க பக்கத்துல வந்து உக்காந்திருப்பேன். நீங்க மறந்ததுக்கு என் பேரை அழிக்கப் பாத்தீங்க."

அவள் முன்னால் நடந்து வந்தாள். மேஜைமேல் கடிதம் அதே கோட்டோடு காத்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"அம்மா, அதெல்லாம் இனிமே தேவையில்லை," என்றார் செயலாளர் பதறி.

"தேவை இருக்கு." கடிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள். "தியேட்டர் மூடின அன்னிக்கு, ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் கட்டுன்னாங்க. கோபத்துல ஒரு ரீலைக்கூடத் திருப்பிச் சுத்தலை. 'உப்பு விளக்கு' ஆறாவது ரீலை 'நாலாவது சாவி' டப்பாவுல போட்டு மூடினது நான். இருபத்தாறு வருஷத்துல நான் செஞ்ச ஒரே தப்பு."

கையெழுத்துப் போட்டாள். பெரிதாக, கோடு இல்லாத இடத்தில்.

"செஞ்சதுக்குப் போடறேன்," என்றாள். "செய்யாததுக்கு ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன்."

"இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?" என்றாள் தராசு மெல்ல.

"டப்பா மாறினதை லிஃப்ட்லயே தெரிஞ்சுக்கிட்டேன். ஒம்பது மாடி இறங்கற வரைக்கும் யோசிச்சேன். மறைச்சா, நானும் உறையைப் பிரிச்ச மாதிரிதான்."

பிறகு கரும்பலகைக்குப் போனாள். தன் பெயருக்கு எதிரே இருந்த பத்தொன்பதை உள்ளங்கையால் துடைத்து, இருபது என்று எழுதினாள். செயலாளர் அகராதியின் வரியில் பூஜ்யம் போட டஸ்டரை எடுத்தார். அவள் தடுத்தாள்.

"அழிக்காதீங்க. அழிக்கிறதுல உங்களுக்கு எவ்வளவு ஆசை! அந்த இருபதுல எத்தனை அவரோடதுன்னு அவரே வந்து எழுதட்டும்."

அகராதி பலகையைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

ஆப்பரேட்டரம்மா பலகையின் அடியில் ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே, 'சங்கம் எனக்குத் தர வேண்டிய மன்னிப்பு: முப்பது' என்று எழுதினாள். சாக்பீஸோடு வாசலில் போய் நின்றாள். அந்த வழியாகத்தான் எல்லோரும் போயாக வேண்டும்.

"அடிச்சாச்சு முதல் ஏலம்!" என்றான் சில்லறை. "யார் முதல்ல?"

பல் டாக்டர் வந்தார். இந்த முறை வாயைத் திறக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. சிலர் முழு வாக்கியமாகச் சொன்னார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், அவள் "கேக்கலை, மெஷின் சத்தம்" என்று மறுபடி சொல்ல வைத்தாள். சிலர் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நழுவினார்கள். அவர்களை அவள் கூப்பிடவில்லை, பார்த்து வைத்துக்கொண்டாள்.

மணி ஆறு அடித்தபோது கூடத்தில் மூன்று பேர்தான் மிச்சம். அவள் பலகைக்குத் திரும்பி வந்து கணக்கை முடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேன்," என்றாள். "அதுவரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது."

தர வேண்டியது முப்பது. வந்தது பதினேழு. பாக்கி பதின்மூன்று.